வரைபடத்தின் வலது பக்கம்

யுத்த வரலாறு படிக்கிறவன் என்று யாராவது என்னை அறிமுகப்படுத்தினால், எதிரே நிற்பவர் முதலில் என் மேலுதட்டைத்தான் பார்ப்பார். அங்கே மீசை கிடையாது. ஐந்தடி மூன்று அங்குலம், சர்க்கரை வியாதி, தீபாவளி வெடிக்குக் காதைப் பொத்திக்கொள்கிற சுபாவம். ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் முப்பது வருஷமாகச் சரக்கு சோதிக்கிற வேலை எனக்கு. சுருளைப் பிரித்து, அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேஜை மேல் விரித்து, இழை விலகியிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்ப்பேன். மீதி நேரத்தில் சண்டைப் புத்தகம் படிப்பேன். சிறுபத்திரிகைகளுக்கு அதைப் பற்றி எழுதுவேன். எழுதியதை இரண்டு தொகுப்பாகவும் போட்டிருக்கிறார்கள். வாங்கியவர்கள் எல்லோரையும் எனக்கு நேரிலேயே தெரியும்.

ஜெயித்த கதைகள் எனக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டன. ஜெயித்தவன் எழுதுவதில் பாதி தற்பெருமை. தோற்றுப் பின்வாங்குகிற படையில்தான் விஷயம் இருக்கிறது. எந்தப் பாலத்தை எப்போது தகர்ப்பது, யாரைக் கடைசியாக நிறுத்துவது, எதைத் தூக்கிக்கொண்டு போவது, எதைப் போட்டுவிட்டுப் போவது. இதையெல்லாம் ஒரு மனிதன் தூக்கமில்லாமல், பசியோடு, மழையில் நின்று முடிவு செய்ய வேண்டும்.  சாப்பிட உட்கார்ந்தால் கை தன்னால் டம்ளர்களை நகர்த்த ஆரம்பித்துவிடும். சாம்பார் வாளி ஆறு, இட்லித் தட்டு மலை. "முதல்ல அந்த மலையைத் தின்னு முடிங்க, பாத்திரம் கழுவணும்" என்பாள் என் மனைவி. கல்யாணமான புதிதில் ஒரு முழுப் படையெடுப்பையும் கன்னத்தில் கை வைத்துக் கேட்டவள்தான். பிறகு விட்டுவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் கிடைத்தார்.

பதினாலு வருஷம் இருக்கும். டீக்கடை பெஞ்சில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் தடிமனான புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். காலண்டர் தாளில் அட்டை போட்டு, வரிக்கு வரி பென்சிலால் கோடு போட்டிருந்தார். வேதாகமம் என்று நினைத்தேன். கழுத்தை நீட்டிப் பார்த்தால் டாங்கிப் படம். ஊர் பேர் கேட்காமலே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு காலேஜில் பஸ் டிரைவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் சாயங்காலம் வரை வண்டி வேப்பமரத்தடியில் நிற்கும். மற்ற டிரைவர்கள் சீட்டாடுவார்கள், சீட்டைச் சாய்த்துத் தூங்குவார்கள். இவர் படிப்பார். "சும்மா நிக்கதுக்குத்தான் எனக்குச் சம்பளம் தம்பி. ஓட்டுறதெல்லாம் இனாம்" என்றார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அன்றிலிருந்து எனக்கு அண்ணாச்சி.

வேதாகமத்தை நான் நினைத்ததில் முழுத் தப்பு இல்லை. அவர் வீட்டில் அதுவும் அதே காலண்டர் அட்டையோடு, அதே பென்சில் கோடுகளோடு இருந்தது. கோடு போடாமல் படித்தால் படித்த மாதிரியே இருக்காது அவருக்கு. பிறந்தது வன்னியம்பட்டி. கல்யாணத்துக்குப் பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெள்ளைச் சட்டையோடு நேரே டீக்கடைக்கு வருவார். நான் ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி வருவேன். அரை மணி நேரப் பயணம்தான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாயிற்று. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. ஒரு புத்தகத்தை ஒரு பிரதிதான் வாங்குவோம். வாங்கிய கையோடு ராஜபாளையத்தில் நான் ஒரு பைண்டிங் கடையில் கொடுத்து, சரிபாதியாக வெட்டி, இரண்டுக்கும் தனித்தனியாக அட்டை போட்டு வாங்குவேன். கடைக்காரர் தெலுங்கு வீட்டுக்காரர். கத்தியை இறக்கும்போதெல்லாம் தெலுங்கில் எதையோ முணுமுணுப்பார். என்னைத்தான் திட்டுகிறார் என்று தெரியும், கண்டுகொள்ள மாட்டேன். முதல் பாதியை ஒருவர் படித்து, ஓரத்தில் பென்சிலால் குறிப்பெழுதி, அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு இரண்டாம் பாதிக்குப் போவார். அடுத்தவர் அந்தக் குறிப்புகளுக்குக் கீழே பதில் எழுதிக்கொண்டே பின்னால் வருவார். இரண்டு பேரும் முடித்த பிறகு திரும்ப ஒன்றாகத் தைத்து அலமாரியில் வைப்போம்.

இதற்குச் சட்டங்களும் இருந்தன. பின்னால் என்ன வருகிறது என்று முன்னால் போகிறவர் வாய் திறக்கக் கூடாது. பேனா தொடக் கூடாது. புத்தகத்தைப் பற்றிப் போனில் பேசவே கூடாது. எது இருந்தாலும் ஓரத்தில் எழுது, இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நேரில் வா. சட்டம் போட்டதெல்லாம் நான்தான். அவர் தலையை ஆட்டினார். படைத்தளபதிகளைப் படித்துப் படித்து எனக்கும் கொஞ்சம் அந்தக் கிறுக்கு ஏறியிருந்தது.

எனக்குத் தளபதி முக்கியம், அவருக்கு ரோடு. பாலைவனச் சண்டை ஒன்றில் ஒருவன் எதிரியைச் சுற்றி வளைத்த அழகைப் பார்த்து நான் ஓரத்தில் "ஆகா" என்று எழுதியிருந்தேன். கீழே அவர் எழுத்து: "அம்புட்டு தூரத்துக்கு டீசல் எங்கனயிருந்து வரும்?" பத்துப் பக்கம் தள்ளிப் பார்த்தால் எரிபொருள் இல்லாமல்தான் அந்தப் படை நின்றது. பனிக்காலத்துச் சண்டை ஒன்றில், "காலையில வண்டி ஸ்டார்ட் ஆகாது, எங்க காலேஜ் வாட்ச்மேனைக் கேட்டாலே சொல்லுவான்" என்று எழுதியிருந்தார். நான் பதிலுக்குத் திட்டுவேன். "உலகப்போரை மினிபஸ் பெர்மிட் மாதிரி பார்க்காதீங்க" என்று எழுதுவேன். அவர் அதற்கும் கீழே கோடு போட்டுச் சிரிப்பு முகம் ஒன்று வரைந்து வைப்பார். சொல்லப்போனால் கடைசி வருஷங்களில் நான் போர்களைப் படித்ததைவிட அந்த ஓரங்களைத்தான் அதிகம் படித்தேன்.

பர்மாப் புத்தகம் வந்தது போன சித்திரையில். வாங்குவோம் என்று சொன்னது அண்ணாச்சிதான். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரனிடம் பர்மாவில் தோற்ற பிரிட்டிஷ் படை காட்டு வழியாக இந்தியாவுக்குப் பின்வாங்கிய கதை. எனக்கு அல்வா மாதிரி. பைண்டிங் கடைக்காரர் வெட்டுவதற்கு முன்னால் போன் பண்ணினார். "சார், சரியா நடுவுல ஒரு மேப் வருது, ரெண்டு பக்கத்துக்கும் சேத்து. நாலு தாள் தள்ளி வெட்டிரவா?"

"நடுன்னா நடுதான். அங்கேயே வெட்டுங்க" என்றேன்.

நாலு தாள் தள்ளி வெட்டியிருக்கலாம். அப்படி வெட்டினால் ஒரு பாதி பெரிதாகவும் ஒரு பாதி சிறிதாகவும் போய்விடும் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. வரைபடத்தின் இடது பக்கம் முதல் பாதியின் கடைசிப் பக்கமாகவும், வலது பக்கம் இரண்டாம் பாதியின் முதல் பக்கமாகவும் ஆகிவிட்டது. இடது பக்கத்தில் இந்திய எல்லையும் மலையும், வலது பக்கத்தில் பர்மாவும் ஆறுகளும். முறைப்படி முதல் பாதியை நான் படித்து முடித்து அவரிடம் கொடுத்தேன். இரண்டாம் பாதியை எடுத்துக்கொண்டேன்.

அவருடைய அப்பா சின்னப் பிள்ளையாகப் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர் என்பது எனக்குத் தெரியும். வன்னியம்பட்டியில் அவருக்குப் பர்மாக்காரர் என்றே பெயர். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அண்ணாச்சி அதற்கு மேல் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பதினாலு வருஷத்தில் எத்தனையோ தளபதிகளின் பாட்டன் பூட்டன் வரை பேசியிருக்கிறோம். பக்கத்தில் டீ குடிக்கிறவரின் தகப்பனைப் பற்றி ஒரு கேள்வி கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முதல் பாதியை முடித்துவிட்டு வந்தார். டீயை வாங்கி வைத்துவிட்டுக் குடிக்கவில்லை.

"தம்பி, கோவேறு கழுதை எத்தனை, அதுக்குத் தீவனம் எத்தனை மூட்டைன்னு எழுதியிருக்கான். நடந்து வந்த சனத்தைப் பத்தி எங்கன எழுதியிருக்கான்?"

"எழுதியிருக்காரே அண்ணாச்சி. ரோட்டுல நெரிசல்னு ஒரு பாராவுல வருதே."

"நெரிசல்."

"ஆமா. பட்டாளம் பின்வாங்குற ரோட்டுல அம்புட்டு சனம் மூட்டை முடிச்சோட அடைச்சிக்கிட்டு நின்னா அதுக்குப் பேரு நெரிசல்தான். டிரைவர் நீங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"எங்க அய்யா அந்த ரோட்டுல நடந்து வந்தாரு தம்பி. ஏழு வயசு."

அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். இரண்டாம் பாதியில், நடந்து வந்தவர்களைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் இருப்பது எனக்குத் தெரியும். அதற்குள் படித்து முடித்திருந்தேன். சொல்லக் கூடாது என்பது சட்டம். ஆனால் சட்டத்துக்காகவா நான் சொல்லாமல் இருந்தேன்? இல்லை. இவர் பின்னால் அதைப் படித்து, அவசரப்பட்டு வாயை விட்டோமே என்று வெட்கப்பட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஜெயிக்க வேண்டும் என்கிற ஆசை. தோற்ற படைகள்தான் பிடிக்கும் என்று மேடையில் பேசுகிறவன் நான்.

"அதுக்கு வேற புஸ்தகம் இருக்கும் அண்ணாச்சி. இது யுத்த வரலாறு. அழுகுறதுக்காக எழுதுனது இல்ல" என்றேன்.

அவர் டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். புத்தகத்தைப் பையில் வைத்தார்.

"சரிங்க. அப்ப நான் வாரேங்க" என்றார்.

பதினாலு வருஷமாக என்னை நீ, தம்பி என்று அழைத்தவர். அந்த மரியாதை என் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வெயிலில் தேரடிப் பக்கம் போகிற வரை அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கூப்பிடவில்லை.

மூன்று மாதம் நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொள்வேன். "அங்கன போகலையா?" என்று மனைவி கேட்டால் தலைவலி என்பேன். அவராக வரட்டும் என்று இருந்தேன். அவரும் அப்படியே இருந்திருப்பார். கோபத்தை என்ன செய்வது? இரண்டாம் பாதியை எடுத்து வைத்துக்கொண்டு ஓரங்களில் எழுதித் தள்ளினேன். எப்படியும் ஒரு நாள் அவர் கைக்குப் போகத்தானே போகிறது, அப்போது வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று.

நடந்தவர்களைப் பற்றிய அத்தியாயத்தில், "இதோ இருக்கிறது உங்கள் சனம். பொறுமை இல்லாதவருக்குப் புத்தகம் எதற்கு?" என்று எழுதினேன். இன்னொரு பக்கத்தில், "பாசத்தைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்." சில இடங்களில் பென்சில் முனை உடையும் அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தேன். முதல் பக்கத்தில், அந்த வரைபடத்தின் ஓரத்தில் எழுதியதுதான் எல்லாவற்றிலும் மோசம். "உங்க அய்யா கால்தடம் இதுல இருக்கான்னு பூதக்கண்ணாடி வச்சுத் தேடுங்க."

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கம்பெனியில் இருக்கும்போது அவர் மகளிடமிருந்து போன் வந்தது. பள்ளிக்கூட டீச்சர். பள்ளியில் படிக்கிற காலத்திலிருந்தே என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"சித்தப்பா, அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்துட்டு. இங்கன ஊர்லயே ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். இப்பப் பரவாயில்ல. திங்கக்கிழமை வீட்டுக்கு அனுப்பிருவோம்னு சொல்லியிருக்காக. அப்பா அந்தப் புஸ்தகத்தோட மிச்சத்தைக் கேக்காக. கொண்டு வாரீகளா?"

"நாளைக்கே வாரேன்மா. அப்பாட்ட சொல்லு" என்றேன்.  அவர்தான் முதலில் இறங்கி வந்தார், நான் இல்லை.

மத்தியானம் அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்து புத்தகத்தை எடுத்தேன். பையில் போடுவதற்கு முன் ஒரு முறை புரட்டினேன். என் எழுத்து எல்லாப் பக்கத்திலிருந்தும் என்னைப் பார்த்தது. நெஞ்சில் கை வைத்துப் படுத்திருக்கிற மனிதனிடம் இதைக் கொடுப்பதா? அந்த வரைபடத்துப் பக்கத்தில் எழுதியதையா? மேஜையிலிருந்து ரப்பரை எடுத்தேன்.

நாற்பது பக்கத்துக்கு மேல் எழுதியிருந்தேன். மெல்லிய தாள். அழுத்தித் தேய்த்தால் கிழியும், மெல்லத் தேய்த்தால் போகாது. எழுத்து போன இடத்திலும் பள்ளம் நிற்கிறது. கம்பெனியில் துணியைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பள்ளம் தெரிந்தால் திரும்பவும் தேய்த்தேன். முப்பது வருஷமாகக் கறையைக் கண்டுபிடிக்கிற கண் இது. ஒரு சின்ன மிச்சத்தையும் விட மனசு வரவில்லை.

புதன்கிழமை முடியவில்லை. வியாழக்கிழமை ரப்பர் தேய்ந்துபோய்ப் புதிதாக ஒன்று வாங்கினேன். மனைவி காப்பியோடு வந்து மேஜையைப் பார்த்தாள். மாவு சிந்தின மாதிரி ரப்பர் தூள்.

"அப்படியே கொண்டுபோய்க் குடுங்க. அவிய உங்களை அறியாதவகளா? நாலு திட்டை வாசிச்சா செத்தா போயிருவாக?" என்றாள்.

"உனக்குத் தெரியாது" என்றேன்.

புத்தகம் இல்லாமலாவது போய்ப் பார்த்திருக்கலாம். அரை மணி நேரப் பயணம். ஆனால் மூன்று மாதம் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டு, கேட்டதையும் கொண்டுபோகாமல், கையை வீசிக்கொண்டு போய்க் கட்டிலோரம் நிற்க எனக்குத் துணிவு வரவில்லை. சுத்தமான புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி டீ வாங்கி வரட்டுமா என்று கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்கிற சொல் வேறு எனக்குச் சாக்காகப் போயிற்று. வெள்ளிக்கிழமை அவர் மகள் திரும்பவும் போன் பண்ணினாள். "நாளைக்குக் கண்டிப்பா" என்றேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மூன்றாவது போன் வந்தது. நான் மேஜை முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். பதினோரு பக்கம் பாக்கி இருந்தது.

அடக்கம் அன்று சாயங்காலமே நடந்தது. கம்பெனி மஞ்சள் பையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்றேன். காலேஜ் டிரைவர்கள் எல்லோரும் காக்கியோடு வந்திருந்தார்கள். பெட்டியை மூடுவதற்கு முன்னால் அதை அவர் கைக்குப் பக்கத்தில் வைத்துவிடலாமா என்று தோன்றியது. போதகர் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அண்ணாச்சி மனைவி, எனக்கு மதினி, இருந்தார்கள், சொந்தக்காரர்கள் இருந்தார்கள். என்னவென்று சொல்லி வைப்பது? பாட்டுப் பாடினார்கள். எனக்கு வார்த்தை தெரியாது. வாயை மட்டும் அசைத்தேன். மண் போடும்போது நானும் மூன்று பிடி போட்டேன். பையைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அதற்குப் பிறகு நான் ஒரு சண்டைப் புத்தகத்தையும் திறக்கவில்லை. ஒரு பத்திரிகையிலிருந்து கட்டுரை கேட்டார்கள், முடியாது என்றேன். கம்பெனியில் கறை இருக்கிற துணியையே சரி என்று தள்ளிவிடுகிறேன். பார்வை மங்கிவிட்டதா என்று மேனேஜர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன்.  மதினி தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். மகள் எதிரே உட்கார்ந்தாள். நான் இரண்டாம் பாதியை எடுத்து அவளிடம் கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அவள் புரட்டினாள். பாதி வரை போய்விட்டு முதலுக்கே வந்தாள்.

"இதுல ஒண்ணுமே எழுதலையா சித்தப்பா?"

 அவள் விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். பள்ளம் கையில் பட்டிருக்க வேண்டும்.

"எழுதி அழிச்சிருக்கீக."

"திட்டியிருந்தேன்மா. ஆஸ்பத்திரியில இருக்கிற மனுஷன்ட்ட எப்படிக் குடுக்கன்னு..."

அவள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள். "அப்பா அதைத்தான் சித்தப்பா எதிர்பார்த்துக்கிட்டு இருந்தாக. 'தம்பி என்னைய எம்புட்டுத் திட்டியிருக்கான்னு பாக்கணும். நாறத் திட்டியிருப்பான். அதை வாசிச்சாத்தான் எனக்கு உடம்பு தேறும்'னு நர்சம்மாகிட்டகூடச் சொல்லிச் சிரிச்சாக. டெய்லியும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாக."

நான் அழுதேன். அந்த வீட்டில், அவர் உட்காருகிற பிரம்பு நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதேன். அவள் அழவில்லை. எழுந்து போய் வேதாகமத்துக்குப் பக்கத்திலிருந்து முதல் பாதியை எடுத்துவந்து கடைசிப் பக்கத்தைத் திறந்து மேஜையில் வைத்தாள்.

வரைபடத்தின் இடது பக்கம். இந்திய எல்லைக்கு உட்புறத்தில் ஒரு ஊரிலிருந்து பென்சில் கோடு தொடங்கியது. மலைகளுக்கு நடுவே ரோட்டை ஒட்டியே வளைந்து வளைந்து, எல்லையைத் தாண்டி, பர்மாவுக்குள் போயிற்று. வழி நெடுகச் சின்னச் சின்ன அம்புக்குறிகள். பஸ் ரூட் போடுகிற மாதிரி. எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. அம்புகள் எல்லாம் இந்தியாவை விட்டுப் பர்மாவைப் பார்த்து இருந்தன.

"தாத்தா வந்த வழியில அப்பா திரும்பிப் போயிருக்காக" என்றாள். "தாத்தாவுக்கு ஒரு தங்கச்சி இருந்திருக்கு சித்தப்பா. மூணு வயசு. வர்ற வழியில காய்ச்சல். ஆத்தங்கரையில ஒரு ஊரு, கோயில் மண்டபம் ஒண்ணு இருந்துச்சாம். தூக்க முடியாம அங்கன உக்கார வச்சிட்டு, தண்ணி எடுத்துட்டு வாரோம்னு சொல்லிட்டு வந்துட்டாகளாம். தாத்தா சாகுற வரைக்கும் அந்த ஊர்ப் பேரை மட்டும் சொல்லுவாக. அப்படி ஒரு ஊரே கிடையாது, சின்னப்பிள்ளையில எதையோ கேட்டுட்டுச் சொல்லுதாருன்னு எல்லாரும் சொல்லிட்டாக. நெசமாவே அப்படி ஒரு ஊரு இருக்கான்னு பாக்கணும்னு அப்பாவுக்கு. அதுக்குத்தான் இந்தப் புஸ்தகம் வாங்குவோம்னு சொன்னதே. உங்ககிட்டச் சொல்லலையா?"

சொல்லவில்லை. சொல்லத்தான் அன்றைக்கு டீயைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்க அய்யா அந்த ரோட்டுல நடந்து வந்தாரு என்று ஆரம்பித்தும் விட்டார். மிச்சத்தைச் சொல்ல நான்தான் விடவில்லை.

பென்சில் கோடு தாளின் வலது ஓரம் வரை வந்து, பைண்டிங் கடைக்காரர் கத்தி இறக்கிய இடத்தில் நின்றிருந்தது. கடைசி அம்புக்குறி பாதிதான் இருந்தது. மீதிக்குத் தாள் இல்லை.

"அந்த ஊர்ப் பேரு என்னம்மா?" என்று கேட்டேன்.

அவள் சொன்னாள். நான் என் பாதியை எடுத்து, முதல் பக்கத்தைத் திறந்து, இரண்டு தாளையும் விளிம்போடு விளிம்பாகச் சேர்த்து வைத்தேன். ரோடு வந்து ரோட்டோடு ஒட்டிக்கொண்டது. அங்கிருந்து ஒரு விரற்கடை தூரம்கூட இல்லை. ஆறு ஒன்று குறுக்கே ஓடியது. அதன் கரையில் ஒரு புள்ளி, பக்கத்தில் பொடி எழுத்தில் பெயர். ஏழு வயதுப் பையனின் வாயில் கொஞ்சம் உருண்டிருந்தது, அவ்வளவுதான். அதே பெயர். நான் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுங்கள் என்று எழுதியது அதற்கு நேர் மேலே. நாலு நாள் தேய்த்ததில் அந்த இடத்துத் தாள் மட்டும் வெளுத்து மெலிந்திருந்தது. அத்தனை நேரம் அந்தப் பக்கத்தின் மேல் குனிந்திருந்தவன், அந்தப் பெயரைப் படிக்கவில்லை.

அவள் புள்ளியின் மேல் விரலை வைத்தாள். எடுக்கவில்லை.

"இருக்கு" என்றாள்.

"இருக்கும்மா."

"வெள்ளிக்கிழமை அப்பாட்ட சொன்னேன் சித்தப்பா. சித்தப்பா வாரதுக்கு நேரமானா என்ன, போன் போட்டுத் தாரேன், ஊர்ப் பேரைச் சொல்லி இருக்கா இல்லையான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்கன்னேன். போனைக் கையிலயும் குடுத்தேன்."

"என்ன சொன்னாரு?"

"வேண்டாம்னு திருப்பிக் குடுத்துட்டாக. புஸ்தகத்தைப் பத்திப் போன்ல பேசக் கூடாது, அது தம்பி போட்ட சட்டம், ஏற்கனவே கோவத்துல இருக்கான், நேர்ல வரட்டும்னு சொன்னாக."